மிதித்தால் பேசும் வானொலி

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒரு மாட்டுப் பண்ணைக்கும் அடுத்ததற்கும் நூறு கிலோமீட்டர் இடைவெளி என்பது சாதாரணம். ஒற்றை வீட்டுக்காக அவ்வளவு தூரம் கம்பம் நட்டுத் தொலைபேசிக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகுமா? 1928 மே மாதம், குயின்ஸ்லாந்தின் கிளான்கரியில் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் பறக்கும் மருத்துவச் சேவையைத் தொடங்கினார். விமானம் தயார், டாக்டரும் தயார். யாருக்கு உடம்பு முடியவில்லை என்ற சேதிதான் வந்துசேர வழியில்லை.

கம்பியில்லாத் தந்தி இருந்தது. மின்சாரம் இல்லாத வீட்டில் அதை எப்படி இயக்குவது? கனமான பேட்டரிகள் சரிப்படவில்லை. கையால் சுற்றும் ஜெனரேட்டரோ ஒரு கையைப் பிடித்துவைத்துக்கொண்டது. மற்றொரு கையால் மட்டும் புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியீட்டைத் தட்டுவது பெரும்பாடு. அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் அந்த வேலையைக் காலுக்கு மாற்றினார். மேசைக்கடியில் சைக்கிள் பெடல். அதை மிதித்தால் பல்சக்கரங்கள் வழியே சின்ன ஜெனரேட்டர் வேகமாகச் சுழலும். கிடைத்தது சுமார் 20 வாட். சிற்றலைக்கு அது போதும்: வளிமண்டலத்தின் உச்சியிலுள்ள அயனி அடுக்கு அலையைத் திருப்பி அனுப்பிவிடுவதால் சில நூறு கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். மிதிக்கிறவர் வேகம் கூடினாலும் குறைந்தாலும் அலைவரிசை நழுவாதபடி ஒரு படிகம் பிடித்துவைத்தது. 1929-இல் அகஸ்டஸ் டவுன்ஸ் பண்ணையில் முதல் கருவி நிறுவப்பட்டது.

அடுத்த முட்டுக்கட்டை மோர்ஸ்தான். குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது புள்ளியும் கோடும் யாருக்கு நினைவிருக்கும்? டிரேகர் தட்டச்சுப் பலகை ஒன்றை இணைத்தார். எழுத்தை அழுத்தினால் அதற்குரிய மோர்ஸ் தானாகப் போகும். என் கணக்கில் பெடலைவிட இதுவே பெரிய சாதனை. பயன்படுத்தப்போகிறவர் பொறியாளர் அல்ல, வீட்டு வேலைக்கு நடுவே ஓடிவரும் ஒரு பெண் என்பதை மறக்காத மூளை அது. 1930-களின் நடுவில் குரலே போகத் தொடங்கியதும் பலகைக்கும் வேலையில்லாமல் போனது.

பிறகு பண்ணைகளுக்கு மருந்துப்பெட்டி வந்தது. உள்ளிருந்த மருந்துகளுக்கெல்லாம் எண். டாக்டர் வானொலியில் எண்ணைச் சொன்னால் போதும். 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளியும் தொடங்கியது. இவற்றுக்கு நடுவே பெண்கள் ஊர்க்கதை பேச ஒரு நேரம் ஒதுக்கினார்கள். ஓயாமல் கத்தும் கலா கிளியின் பெயரே அதற்கு. எல்லாரும் ஒரே அலைவரிசையில் இருந்ததால் ரகசியம் என்று எதுவும் மிஞ்சவில்லை. ஒருத்தி டாக்டரிடம் சொல்லும் வயிற்றுவலியைக் கூட, பக்கத்துப் பண்ணைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க முடிந்தது.