திடீர் திடீரென அணையும் கம்ப்யூட்டர்... பிராசஸர் போச்சா, ஃபேன் போச்சா? வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்!

ஏப்ரல் மாத மதியம். கல்லூரி புராஜெக்ட்டை நாளைக்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்ற பரபரப்பில் மகள் டைப் செய்துகொண்டிருக்கிறாள். டேபிளுக்கு அடியில் இருக்கும் சிபியு, மிக்ஸி ஓடுவதுபோல இரைகிறது. அடுத்த நிமிடம் திரை இருட்டாகிவிடுகிறது. மறுபடி ஆன் செய்தால் ஐந்து நிமிடம் ஓடிவிட்டு மீண்டும் ஆஃப். ``பிராசஸர் போயிருக்கும், புதுசு வாங்கிடலாம்" என்று வீட்டில் முடிவே செய்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். வெயில் காலத்தில் இப்படி அணையும் பல கம்ப்யூட்டர்களில் பிராசஸர் நன்றாகத்தான் இருக்கும். எல்லை மீறிச் சூடானால், பிராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால், கருகிப்போகாமல் இருக்க சிஸ்டத்தையே அணைத்துவிடும். பழுது வேறு எங்கோ இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

சூடு போகும் வழி

பிராசஸரில் பிறக்கும் சூடு, அதன் மேல் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் வழியாக ஹீட்சிங்க் எனப்படும் உலோகத் தகடுகளுக்குப் போகிறது. அந்தச் சூட்டை ஃபேன் காற்றோடு வெளியேற்றுகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் சூடு தேங்கும். அறையே 38 டிகிரியில் கொதித்தால், ஃபேன் இழுப்பதும் அதே சூடான காற்றைத்தான். அதனால்தான் டிசம்பரில் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் மே மாதத்தில் மக்கர் செய்கிறது.

முதலில் டெம்பரேச்சர் பாருங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன், முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் காப்பி எடுத்துவிடுங்கள். பிறகு கோர் டெம்ப், ஹெச்டபிள்யூமானிட்டர் போன்ற இலவச மென்பொருளில் பிராசஸரின் சூட்டைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி செல்சியஸ், வேலை செய்யும்போது 70 முதல் 85 டிகிரி வரை இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. எந்த வேலையும் இல்லாமலே 80, 90 என்று காட்டினால் கவனிக்க வேண்டும். பல பிராசஸர்களுக்கு 95 முதல் 100 டிகிரிதான் உச்ச வரம்பு.

டாஸ்க் மேனேஜரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நீங்கள் எதையும் இயக்காதபோதும் சிபியு பயன்பாடு 100 சதவிகிதத்திலேயே நின்றால், பின்னணியில் ஏதோ ஒரு புரோகிராமோ வைரஸோ பிராசஸரை விடாமல் வேலை வாங்குகிறது என்று அர்த்தம்.

சூடு சாதாரணமாக இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறதா? அப்போது சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளையை. அந்தப் பெட்டியை மட்டும் வீட்டில் பிரிக்கவே கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஃபேன் சொல்லும் சேதி

சிபியுவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, கையை உள்ளே விடாமல் ஆன் செய்து பாருங்கள்.

*ஃபேன் சுற்றவே இல்லையா?* ஒயர் ஏதாவது இறக்கையில் சிக்கியிருக்கலாம். அல்லது மதர்போர்டில் `சிபியு ஃபேன்' என்று எழுதியிருக்கும் இடத்திலிருந்து கனெக்டர் கழன்றிருக்கலாம். ஆன் செய்ததும் `சிபியு ஃபேன் எரர்' என்று திரையில் வந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால், ஃபேனை மட்டும் மாற்றினால் போதும்.

*வேகமாகச் சுற்றியும் சூடு குறையவில்லையா?* பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்சிங்க்கின் ஓரத்தில் விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அது நன்றாகச் சுட்டால், சூடு அங்குவரை வந்துவிட்டது. தூசி அடைத்திருப்பதால் வெளியே போகவில்லை. மென்பொருள் 90 டிகிரி காட்டியும் ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஹீட்சிங்க் சரியாகப் பதியவில்லை. ஆன் செய்த சில நொடிகளிலேயே சூடு எகிறுவதும் இதற்கான அறிகுறிதான்.

தூசி தட்டும்போது...

பிளக்கைப் பிடுங்கியபின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷும் சின்ன புளோயரும் போதும். ஈரத்துணி வேண்டாம். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குல்ஃபி குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது கண்டபடி சுற்றி பேரிங் கெட்டுப்போகும்.

பேஸ்ட் மாற்றுவது எப்படி?

இன்டெல் பிராசஸரோடு வரும் பல கூலர்களை நான்கு பிளாஸ்டிக் பின்கள்தான் பிடித்திருக்கும். அதில் ஒன்று தளர்ந்தாலே சூடு ஏறிவிடும். எனவே, முதலில் அவற்றைச் சரிபாருங்கள். ஏஎம்டி கூலரைக் கழற்றும்போது நேராக இழுத்தால், சில மாடல்களில் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். லேசாக இடம் வலமாகத் திருகி, பிறகு தூக்க வேண்டும்.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, நடுவில் சின்ன பட்டாணி அளவு புது பேஸ்ட் வையுங்கள். ஹீட்சிங்க் அழுத்தும்போது அது தானாகவே பரவும். பின்களை எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். புது கூலர் என்றால், அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலரும் சறுக்கும் இடம் இது!

லேப்டாப் என்றால்?

மெத்தை, தலையணை மேல் வைத்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபடும். மேஜை மேல் வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினாலே சூடு குறைய வாய்ப்புண்டு. பிரித்து பேஸ்ட் மாற்றும் வேலையை அனுபவம் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே பயன்பாட்டை நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் கடைக்குப் போகலாம். அங்கே ``பிராசஸர் போயிடுச்சு" என்று சொன்னால், ``எத்தனை டிகிரி காட்டுது? பேஸ்ட் மாத்திப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். சுற்றித் தேயும் பாகம் ஃபேன்தான். பிராசஸரில் அசையும் பாகமே கிடையாது. அது அவ்வளவு சுலபத்தில் சாவதில்லை. அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகு புதுசு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.