அணுவின் உருவம் – 6: இருட்டில் எண்ணிய ஒளிப்பொட்டுகள்

சென்ற வாரம் ஜே.ஜே. தாம்சனின் அணுவைப் பார்த்தோம். பள்ளியில் தர்பூசணியைச் சொல்லி விளக்குவார்களே, அதுதான். சதை முழுக்க நேர் மின்னூட்டம். விதைகளைப் போல ஆங்காங்கே எலெக்ட்ரான்கள். எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தவரே 1904-இல் வகுத்த மாதிரி என்பதால் அதற்குத் தனி மதிப்பு இருந்தது.

தாம்சனிடம் படித்த எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு 1909-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவருடைய உதவியாளர் ஹான்ஸ் கைகர், எர்னஸ்ட் மார்ஸ்டன் என்ற 20 வயது மாணவருக்கு ஏதாவது ஆய்வு கொடுக்கலாமே என்று கேட்டார். கதிரியக்கத்தில் வெளிப்படும் ஆல்ஃபா துகள்கள் உலோகத் தகட்டில் படும்போது அவற்றில் ஏதாவது திரும்பி வருகிறதா என்று பார்க்கச் சொன்னார் ரதர்ஃபோர்டு. வராது என்பதுதான் அவருடைய எண்ணம். எலெக்ட்ரானைவிட 7,000 மடங்குக்கும் மேல் கனமானது ஆல்ஃபா துகள். நொடிக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் பாய்வது. தர்பூசணிச் சதையில் அதைத் தடுத்துத் திருப்ப என்ன இருக்கிறது?

கருவி எளியதுதான். நேராக வரும் துகள்களை மறைக்க ஓர் ஈயத் தடுப்பு. அதற்கு அப்பால் துத்தநாக சல்பைடு பூசிய சிறு திரை. துகள் பட்ட இடத்தில் ஊசிமுனை அளவு ஒளி மின்னி மறையும். அதை நுண்ணோக்கி வழியே கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். அதற்கு முன் அரைமணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். இந்த வேலை தன்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை என்று ரதர்ஃபோர்டே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கைகரோ இரவு முழுக்க விட்டுவிட்டு எண்ணக்கூடியவர்.

வராது என்று நினைத்த ஒளிப்பொட்டுகள் வந்தன. பிளாட்டினத் தகட்டில் பட்ட துகள்களில் சுமார் 8,000-க்கு ஒன்று திரும்பியிருந்தது. தங்கம், வெள்ளி, ஈயம் எதிலும் இதே கதைதான்.

அந்த ஒன்றுக்குக் காரணம் தேடி ரதர்ஃபோர்டு கணக்குப் போட்டார். 1911-இல் விடை சொன்னார்: மின்னூட்டமும், ஏறக்குறைய எடை முழுவதும், அணுவின் நடுவே மிகச் சிறிய இடத்தில் செறிந்திருக்கின்றன. ஒரு தங்க அணுவை 100 மீட்டர் அகல மைதானமாக விரித்தால், அந்த மையம் நடுவில் கிடக்கும் ஒரு துவரம்பருப்பு. மிச்சமெல்லாம் வெட்டவெளி. அதனால்தான் பெரும்பாலான துகள்கள் தடையின்றி ஊடுருவின. பருப்பை ஒட்டிப் போனவை மட்டும் திரும்பின.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கரு எனப்படும் அந்த மையத்தைச் சுற்றும் எலெக்ட்ரான், அன்றைய இயற்பியல் விதிப்படி ஆற்றலை இழந்து கணப்பொழுதில் கருவில் விழ வேண்டும். விழாதது ஏன்? நீல்ஸ் போர் சொன்ன பதிலை அடுத்த வாரம் பார்ப்போம்.

அதற்குமுன் ஒன்று. ரதர்ஃபோர்டின் கணக்கு சரியா என்று கைகரும் மார்ஸ்டனும் 1913-இல் மீண்டும் சோதித்தார்கள். கணக்கு சரியாக இருந்தது. அதற்காக இருட்டில் அவர்கள் எண்ணிய ஒளிப்பொட்டுகள் 1,00,000-க்கும் மேல்.

(தொடரும்)