வெற்றுக் கட்டம்

நான் நர்ஸ். நோயாளியின் குறிப்பேட்டில் அலர்ஜி என்ற கட்டம் வெறுமையாக இருந்தால், அலர்ஜி இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம். யாரும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். சாலையற்ற காடுகளின் வரைபடத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

2016இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவிலுள்ள சாலைகளை எடுத்து, இருபுறமும் 1 கிலோமீட்டரைக் கழித்துவிட்டு, எஞ்சிய நிலத்தின்மேல் காப்பகங்களின் எல்லைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதம் சாலையற்றது என்று வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அது ஏறக்குறைய 6 லட்சம் துண்டுகளாகக் கிடக்கிறது. பாதிக்கு மேல் 1 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. காப்பகங்களுக்குள் இருப்பது 9.3 சதவீதம்தான்.

அந்தச் சாலைத் தரவு முழுமையானதா? 2024இல் 'நேச்சர்' இதழில் இன்னோர் ஆய்வு. போர்னியோ, சுமத்ரா, நியூ கினி தீவுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தன்னார்வலர்கள் சாலைகளைக் கையால் வரைந்தார்கள். 13.7 லட்சம் கிலோமீட்டர்! முன்பிருந்த தரவுகளில் இருந்ததைப்போல 3 முதல் 6.6 மடங்கு. இவற்றுக்குப் பேய்ச் சாலைகள் என்று பெயர். அநேகமாக எல்லா இடத்திலும் முதலில் சாலை வந்திருக்கிறது, பிறகுதான் மரங்கள் போயிருக்கின்றன. ஆக, வரைபடம் வெறுமையாகக் காட்டிய இடத்தில்தான் வெட்டு தொடங்கியிருக்கிறது.