மூடிய அறையின் வாடை

குளிரூட்டிய அறையில் நால்வர் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால், அங்கு எழும் வாடையை அவர்கள் அறியார். வெளியிலிருந்து நுழைபவரே முகம் சுளிப்பார். மூக்கு சில நிமிடங்களிலேயே பழகிவிடுகிறது. மூக்கை நம்புவதற்கில்லை என்பதால், 1858இல் மியூனிக் நகரப் பேராசிரியர் பெட்டன்கோஃபர், மூச்சோடு வெளிவரும் கரியமில வாயுவை அளந்தார். அது ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அறைக்காற்று கெட்டது என்பது அவர் கணக்கு. அவ்வளவில் அவ்வாயு நஞ்சன்று. உடல்வாடை சேர்ந்திருப்பதன் அடையாளமே.

நம் வீட்டு ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது; வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. நறுமணத் தெளிப்பான்களோ வாடையை மறைக்குமேயன்றி அகற்றா. வாடை தோன்றாதிருக்க, ஒருவருக்கு நிமிடத்திற்குச் சுமார் 15 கன அடி வெளிக்காற்று வேண்டும். பத்தடி உயரமுள்ள 10க்கு 12 அடி அறையில் மூவர் உறங்கினால், ஏறத்தாழ அரை மணிக்கொரு முறை அறை கொள்ளும் அளவு புதுக்காற்று உட்புக வேண்டும். காசநோய்க் கிருமியும் இத்தேங்கிய காற்றில்தான் மிதக்கிறது.

எதிரெதிர்ச் சன்னல்கள் இருப்பின் உறங்குமுன் சிறிது நேரம் திறந்துவிடுங்கள். ஒற்றைச் சன்னல் அறையெனில் அதனை இரு விரற்கடை திறந்துவைத்து, ஒட்டியுள்ள குளியலறையின் எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிடலாம். மின்கட்டணம் சற்றே கூடும். கொடுக்கத் தக்க விலைதான்.