புறப்படுமுன் முடிந்துவிடும் பயணம்

இணையத்தில் பணம் வைத்து ஆடப்படும் ‘ஸ்லாட்’ என்னும் சுழலுருளை ஆட்டங்களுள் ஒரு வகை, வானூர்திப் பயணத்தைக் கருப்பொருளாகக் கொண்டது. திரையில் மூன்று அல்லது ஐந்து உருளைகள் மேலிருந்து கீழாகச் சுழல்வதுபோல் தோன்றும். அவற்றில் விமானம், விமானி, பணிப்பெண், கடவுச்சீட்டு, பயணப்பெட்டி, உலக உருண்டை முதலிய படங்கள் அடுக்கப்பட்டிருக்கும். உருளைகள் நிற்கும்போது ஒரே படம் ஒரு கோட்டில் அமைந்தால் ஆடியவர் கணக்கில் பணம் சேரும். பந்தயம் இன்றிச் சுழற்றக் கிடைக்கும் வாய்ப்புகள் ‘இலவசப் பயணம்’ என்ற பெயரில் வரும். பின்னணியில் என்ஜின் இரைச்சலும் அறிவிப்புக் குரலும் ஒலிக்கும். எனினும், விமானத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழங்களையோ எகிப்தியப் பிரமிடுகளையோ வைத்தால் ஆட்டத்தின் கணக்கில் ஓர் எண்கூட மாறாது என்பதால், இதை அறிய முற்படுவோர் கவனிக்க வேண்டியது படத்தை அன்று, படத்துக்கு அடியில் ஓடும் எண்கணிதத்தையே ஆகும்.

‘ஸ்லாட்’ என்ற சொல் நாணயம் போடும் துளையைக் குறிப்பது. ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சார்லஸ் ஃபே என்னும் கம்மியர், 1890களில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ‘லிபர்ட்டி பெல்’ என்ற பொறியை உருவாக்கினார். துளையில் ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டுப் பக்கத்திலிருந்த கைப்பிடியை இழுத்தால் மூன்று உருளைகள் சுழன்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மூன்றிலும் மணியின் படம் வந்தால் ஐம்பது சென்ட் விழும். அந்தப் பொறியில் முடிவைத் தீர்மானித்தவை வில்கம்பியும் பல்சக்கரமும் தடையும்தாம்; அதாவது உருளை எங்கே நின்றதோ அதுவே முடிவு. அமெரிக்கர் அதற்கு ‘ஒற்றைக்கைக் கொள்ளைக்காரன்’ என்று பட்டப்பெயர் வைத்தனர். பொறியின் வருமானக் கணக்கைப் பார்த்தால் அப்பெயர் மிகையாகத் தோன்றாது. 1960களில் மின்விசையும், அதன்பின் நுண்செயலியும் உள்ளே புகுந்தன. நுண்செயலி வந்ததும் காரணமும் விளைவும் இடம் மாறின: முன்பு உருளை நின்றபின் முடிவு பிறந்தது, இப்போது முடிவு பிறந்தபின் அதற்கேற்ப உருளை நிறுத்தப்படுகிறது.

அம்முடிவைத் தருவது ‘சமவாய்ப்பு எண் உருவாக்கி’ என்னும் நிரல். கணிப்பொறி சொன்னதைச் சொன்னபடி செய்யும் கருவியாதலால் அதனால் உண்மையான தற்செயலைத் தானாகப் படைக்க இயலாது. ஆகவே ‘விதை’ எனப்படும் ஒரு தொடக்க எண்ணை எடுத்துக்கொண்டு, அதைப் பெருக்கிக் கூட்டி வகுத்து மீதியைக் கண்டு, அந்த மீதியை மீண்டும் அதே வழியில் செலுத்தி, பார்ப்பவருக்கு ஒழுங்கே இல்லாததுபோல் தோன்றும் எண்தொடர் ஒன்றை ஆக்குகிறது. இன்றைய நிரல்கள் இந்த எளிய விளக்கத்தைவிட மிகவும் சிக்கலானவை. கணிக்க முடியாத புறமூலங்களிலிருந்து அடிக்கடி புதிய விதை பெறுபவையும் உண்டு. அந்தச் சிக்கல் வேண்டாத ஆடம்பரம் அன்று. 2014இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலச் சூதாட்டக் கூடம் ஒன்றில், ருஷ்யாவிலிருந்து வந்த சிலர் பழைய இயந்திரங்களின் சுழற்சிகளைக் கைப்பேசியில் பதிந்து தாய்நாட்டிலிருந்த கூட்டாளிகளுக்கு அனுப்ப, அவர்கள் எண்தொடரின் போக்கைக் கணக்கிட்டு, எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும் என்று திருப்பிச் சொல்ல, அவ்வாறே பணம் எடுக்கப்பட்டது பின்னர் வழக்காயிற்று.

இணைய ஆட்டத்தில் இந்த நிரல் ஆடுபவரின் கைப்பேசியில் இருப்பதில்லை. நிறுவனத்தின் சேவையகக் கணிப்பொறியில் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் வேண்டுகோள் அங்கே சென்று, எண் எடுக்கப்பட்டு, வெற்றி தோல்வியும் தொகையும் குறிக்கப்பட்டு, விடை திரும்பிவிடுகிறது. அதன்பிறகு திரையில் நிகழும் சுழற்சி, வேகத் தளர்ச்சி, கடைசி உருளை மட்டும் நிற்கத் தயங்கும் பதற்றம் ஆகிய அனைத்தும் முன்பே எழுதி முடிக்கப்பட்ட விடையை நடித்துக் காட்டும் காட்சியே. விமானம் ஓடுபாதையை விட்டு எழுமுன் பயணம் முடிந்திருக்கும்.

கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்பதற்காக ஒரு சிறிய ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். மூன்று உருளைகள்; ஒவ்வொன்றிலும் 20 நிறுத்தங்கள்; அவற்றுள் விமானம் 1, கடவுச்சீட்டு 3, பயணப்பெட்டி 6, மேகம் 10. மொத்தச் சேர்க்கைகள் 20-ஐ மும்முறை பெருக்கக் கிடைக்கும் 8000. மூன்று விமானங்கள் சேர்வது அவற்றுள் ஒரே ஒரு வகையில்தான். மூன்று கடவுச்சீட்டு 27 வகையில். மூன்று பெட்டி 216 வகையில். மூன்று மேகம் 1000 வகையில். ஒரு ரூபாய் பந்தயத்துக்கு இவை முறையே 1000, 50, 10, 3 ரூபாய் தரும் என்று வைத்தால், 8000 சேர்க்கைகளும் தலா ஒருமுறை வரும்போது உள்ளே போவது 8000 ரூபாய். வெளியே வருவது 1000, 1350, 2160, 3000 என மொத்தம் 7510 ரூபாய். ஆக, நூறு ரூபாய்க்கு ஏறத்தாழ 93 ரூபாய் 88 காசு திரும்புகிறது. இதைத்தான் இத்துறையினர் ‘ஆடுபவருக்குத் திரும்பும் விகிதம்’ என்கின்றனர்; எஞ்சிய 6 ரூபாய் 12 காசு நிறுவனத்தின் பங்கு. ஏதேனும் ஒரு பரிசு கிடைக்கும் சேர்க்கைகள் 1244 என்பதால், ஆறேழு சுழற்சிக்கு ஒருமுறை ஆடுபவர் எதையாவது வெல்வார். அதே விகிதத்தை மாற்றாமல் சிறு பரிசுகளைக் குறைத்துப் பெரும்பரிசை உயர்த்தினால் நீண்ட வறட்சியும் எப்போதாவது ஒரு பெருமழையும் கொண்ட ஆட்டம் கிடைக்கும். இந்த ஏற்ற இறக்க அளவுக்கு ‘வொலட்டிலிட்டி’ என்று பெயர்.

நெடுநேரம் தராத ஆட்டம் இனித் தந்தே தீரும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ஒவ்வொரு சுழற்சியும் முந்தையதை அறியாது. மேற்கண்ட ஆட்டத்தை 8000 முறை சுழற்றியும் மூன்று விமானங்களை ஒருமுறைகூடக் காணாதிருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 37 விழுக்காடு; அதற்கு அடுத்த சுழற்சியிலும் வாய்ப்பு 8000இல் ஒன்றே. இந்த ஏறத்தாழ 94 விழுக்காடு என்ற விகிதமும் பலரால் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. அது கொண்டுவந்த பணத்தின் மீதான விகிதம் அன்று. ஒவ்வொரு பந்தயத்தின் மீதும் தனித்தனியே விழும் வெட்டு. வென்ற தொகையை மீண்டும் பந்தயமாக வைக்கும்போது அதன்மீதும் வெட்டு விழுகிறது. ஒரு சுழற்சிக்குப் பத்து ரூபாய் வீதம் ஆறு நொடிக்கு ஒருமுறை ஆடுபவர் ஒரு மணி நேரத்தில் 600 முறை சுழற்றி, 6000 ரூபாயைப் பந்தயம் வைத்து, சராசரியாக 367 ரூபாய் இழப்பார். இரண்டரை நொடிக்கு ஒருமுறை ஆடினால் சுழற்சி 1440 ஆகி இழப்பு 882 ரூபாயாகும். விகிதம் மாறவில்லை; வேகமே மாறியது. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2021 அக்டோபர் இறுதியிலிருந்து இணையச் சுழற்சி ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டரை நொடி நீடிக்க வேண்டும் என்றும், தானாகச் சுழலும் வசதி கூடாது என்றும் விதித்தது இதனால்தான்.

உருளையின் கண்ணுக்குத் தெரியும் அமைப்புக்கும் உண்மையான வாய்ப்புக்கும் இடையிலிருந்த உறவை முற்றாக அறுத்தது 1984ஆம் ஆண்டில் டெல்னாஸ் என்பவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை. உலோக உருளையில் 22 நிறுத்தங்கள் இருந்தால் சேர்க்கைகள் 10,648க்கு மேல் போகா. ஆகவே மிகப்பெரிய பரிசு அறிவிக்க முடியாது. டெல்னாஸ் கணிப்பொறிக்குள் 64 நிறுத்தங்கள் போன்ற பெரிய எண்ணிக்கை கொண்ட ‘மெய்நிகர் உருளை’ ஒன்றை வைத்து, அதன் பல நிறுத்தங்களை வெளியிலுள்ள உருளையின் வெற்றிடங்களோடும் பரிசுப் படத்தை ஒன்றிரண்டோடும் மட்டும் இணைத்தார். 64 நிறுத்தங்கள் மூன்று உருளைகளில் 2,62,144 சேர்க்கைகளைத் தரும். பார்ப்பவரோ 22இல் ஒரு விமானம் இருப்பதாகவே எண்ணுவார். உண்மையில் அது 64இல் ஒன்று. பரிசுப் படத்துக்கு மேலும் கீழுமுள்ள வெற்றிடங்களோடு மிகுதியான நிறுத்தங்களை இணைத்தால், விமானம் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்பது தற்செயலில் வரவேண்டியதைவிட அடிக்கடி நிகழும். மயிரிழையில் தவறியதாகத் தோன்றும் இந்தத் தோல்வி முழுத் தோல்விக்குச் சமமே. ஆனால் மனித மூளை அவ்வாறு எடுத்துக்கொள்வதில்லை. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வு, வெற்றியின்போது தூண்டப்படும் பகுதிகள் சில இத்தகைய தோல்வியின்போதும் தூண்டப்படுவதையும், அது மேலும் ஆடும் விருப்பத்தை வளர்ப்பதையும் காட்டியது. இதற்கு இணையான மற்றோர் உத்தி, இருபது ரூபாய் வைத்தவருக்கு ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு மணியடித்து வாழ்த்துவது. பதினைந்து ரூபாய் இழப்பைத் திருவிழாவாக்கும் இந்தக் கொண்டாட்டத்தையும் பிரிட்டனின் 2021 விதிகள் தடை செய்தன.

விமானத்தை அலங்காரமாக மட்டும் வைக்காமல் ஆட்டத்தின் மையமாகவே ஆக்கியது, ஜார்ஜியா நாட்டில் தோன்றிய ஸ்பிரைப் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘ஏவியேட்டர்’. இதில் உருளை இல்லை. விமானம் எழும்போது பெருக்கு எண் ஒன்றிலிருந்து ஏறத் தொடங்கும், அது பறந்து மறையுமுன் பணத்தை எடுத்தவருக்குப் பந்தயம் அத்தனை மடங்காகத் திரும்பும், எடுக்காதவருக்கு ஒன்றுமில்லை. எப்போது எடுப்பது என்ற முடிவு ஆடுபவரின் கையில் இருப்பதால் இது திறமையின் ஆட்டம்போல் தோன்றுகிறது. ஆனால் 97 விழுக்காடு திரும்பும் இத்தகைய ஆட்டத்தில், பெருக்கு எண் இரண்டை எட்டும் வாய்ப்பு 100இல் 48.5, பத்தை எட்டும் வாய்ப்பு 100இல் 9.7. வாய்ப்பையும் மடங்கையும் பெருக்கினால் எங்கே எடுத்தாலும் 97தான் வரும். விரைந்து எடுப்பவரும் பொறுத்து எடுப்பவரும் சராசரியில் நூறு ரூபாய்க்கு அதே மூன்று ரூபாயை இழக்கின்றனர்.

சுற்றின் முடிவு, நிறுவனத்தின் மறைவெண்ணையும் முதலில் பந்தயம் வைத்த சிலரின் எண்களையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. மறைவெண்ணின் ‘ஹேஷ்’, அதாவது அதை வெளிப்படுத்தாமலே அடையாளம் காட்டும் கைரேகை போன்ற சுருக்கம், முன்னரே வெளியிடப்படுகிறது. இதனால் நிறுவனம் நடுவில் முடிவை மாற்றவில்லை என்பதைச் சரிபார்க்கலாமே தவிர, ஆட்டம் ஆடுபவருக்கு இலாபமானது என்று பொருளாகாது. விமானம் எப்போது மறையும் என்று முன்கூட்டிச் சொல்வதாக விற்கப்படும் செயலிகளுக்கு அந்த மறைவெண் தெரிய வழியில்லை. அவை வாங்குபவரை ஏமாற்றும் சரக்கே.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற சட்டம், வாய்ப்பைச் சார்ந்த இணையப் பண விளையாட்டுகளைத் தடை செய்து, ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடமளிக்கிறது. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதையும் விளம்பரம் செய்வதையும் அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தையும் தடுக்கிறது. வழங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆட்டத்தை நிறுத்த இயலாமல் தவிப்பவரோ அவருடைய குடும்பத்தாரோ 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.