ஏரி வற்றியதா... கேமராவின் கண் மங்கியதா?

2019 கோடையைச் சென்னை அவ்வளவு சுலபத்தில் மறக்காது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நகருக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் காத்துக்கிடந்தன. அப்போது, நீர் நிறைந்த புழல், காய்ந்த புழல் என ஓராண்டு இடைவெளியில் செயற்கைக்கோள் எடுத்த இரண்டு படங்களை உலகமே பார்த்தது.

ஆனால், ஒரு சந்தேகம் வரலாம். அந்த ஓராண்டில் மாறியது ஏரியா, கேமராவா?

நியாயமான கேள்விதான். விண்வெளிக் கதிர்வீச்சில் கேமராவின் கண்ணும் நாளாக ஆக மங்கும். தண்ணீரோ, தன்மேல் படும் ஒளியில் சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அகச்சிவப்பு ஒளியை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். அதனால்தான் படத்தில் ஏரி கருப்பாகவும், காய்ந்த மண் வெளிச்சமாகவும் தெரிகின்றன. கேமராவின் அளவு பிசகினால், ஏரியின் கலங்கலும் கரையோரப் பசுமையும் தப்பாகப் பதிவாகும்.

காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரையிட்ட எடைக்கல் போல, கேமராவுக்கு வேண்டியது அளவு தெரிந்த வெளிச்சம்!

ஏவுவதற்கு முன், உள்ளே வெள்ளைப் பூச்சு பூசிய பெரிய கோளத்தின் முன் கேமராவை வைப்பார்கள். உள்ளே எரியும் ஹாலஜன் விளக்கின் ஒளி, சுவர்களில் பலமுறை பட்டுச் சிதறி, வாய் வழியே எங்கும் ஒரே சீராக வெளிவரும். அதைப் பார்த்து கேமரா எந்த எண்ணைக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

மேலே போன பிறகு? 1988-ல் இந்தியா அனுப்பிய ஐ.ஆர்.எஸ்-1ஏ, தன் கேமராவைச் சோதிக்க எல்.இ.டி. விளக்குகளைக் கூடவே கொண்டுபோனது. நம் பகுதியை 16 நாள்களுக்கு ஒருமுறை படமெடுக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட்-8, மூன்று ஜோடி விளக்குகளைச் சுமக்கிறது. ஒரு ஜோடி அன்றாடச் சோதனைக்கு. இன்னொன்று எப்போதாவது. மூன்றாவது, பீரோவில் இருக்கும் முகூர்த்தப் பட்டுப்போல, மிக அரிதாகவே வெளியே வரும். ஏனென்றால், எரிய எரிய விளக்கும் மங்கும். அதிகம் எரியாத விளக்குதான் மற்ற இரண்டுக்கும் சாட்சி.

அதற்கும் மேலே ஒரு சாட்சி உண்டு. மாதம் ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டி, லேண்ட்சாட்-8 பூமியிலிருந்து முகத்தைத் திருப்பி நிலாவைப் பார்க்கிறது. அங்கே காற்றில்லை, மேகமில்லை, மழையில்லை. தரை மாறுவதே இல்லை எனலாம். பிறை வளர்வதும் தேய்வதும் கணக்கில் அடங்கும்.

குழந்தைக்குச் சோறூட்ட மொட்டை மாடியில் காட்டும் அதே நிலாதான், செம்பரம்பாக்கத்தின் தண்ணீர்க் கணக்குக்கும் சாட்சி!