சாரட்டில் வந்த நட்டு

2021 ஜனவரி 21. பொங்கல் முடிந்து ஒரு வாரம்கூட முழுதாக ஆகவில்லை என்பதுபோல ஊரே திருவிழாக் கோலத்தில் இருந்தது. சேலத்திலிருந்து சுமார் 36 கி.மீ. தள்ளி, தறிச் சத்தத்திலேயே பொழுது விடியும் சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய சாரட் ஒன்று கூட்டத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மேளம் முழங்க, செல்போன்கள் உயர, வண்டியில் நின்றபடி வந்தார் கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜன். வீரேந்திர சேவாக் அந்த வீடியோவைப் பகிர்ந்ததும் நாடே பார்த்தது.

கொரோனா இன்னும் ஊரை விட்டுப் போகாத நேரம் அது. அவ்வளவு கூட்டம் கூடியதைச் சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் கூடினார்கள் என்பது இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஐ.பி.எல். முடிந்த கையோடு, வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் நடராஜனை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனார்கள். நவம்பரில் மகள் பிறந்த சேதியையே வெளிநாட்டில் இருந்தபடிதான் கேட்டார். வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம் என்றதும் டி20 அணியில் இடம் வந்தது. டிசம்பர் 2 அன்று கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம். இரண்டே நாளில் அதே மைதானத்தில் முதல் டி20, 30 ரன்னுக்கு 3 விக்கெட். தொடரை வென்றதும் கோலி கோப்பையை அவர் கையில்தான் கொடுத்தார். அப்புறம் பும்ரா வரை ஒவ்வொருவராகக் காயத்தில் விழ, ஜனவரி 15, நம் மாட்டுப் பொங்கல் அன்று, பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பியும் கிடைத்தது. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். அன்றே வேட், சதமடித்த லபுஷேன் இருவரையும் வீழ்த்தினார். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்காத காபா மைதானத்தில், ஜனவரி 19 அன்று இந்தியா 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்று தொடரையும் 2-1 என எடுத்துக்கொண்டது.

இது ஊர் அணியின் வெற்றி இல்லை, நாட்டு அணியின் வெற்றி. இருந்தாலும் சின்னப்பம்பட்டிக்கு அது ஊர் அணி வெற்றிதான். அப்பா தறிக்கூலி, அம்மா சாலையோரக் கடையில் சிக்கன் வியாபாரம். இருபது வயது வரை பையன் ஆடியது டென்னிஸ் பந்து கிரிக்கெட். அவரைச் சென்னைக்கு அனுப்பி ஆளாக்கியவர் உள்ளூர் அண்ணன் ஜெயப்பிரகாஷ். அந்த நன்றிக்குத்தான் சட்டை முதுகில் ‘ஜேபி நட்டு’ என்று போட்டுக்கொண்டு ஆடினார். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிரான முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறை சரியில்லை என்று புகார். அதோடு ஊர் திரும்பித் தறி ஓட்டப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முறையை மாற்றிக்கொண்டு 2016-இல் டி.என்.பி.எல். ஆட்டங்களில் யார்க்கர் மேல் யார்க்கராகப் போட்டார். மறு ஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. இந்தப் பாட்டையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த ஊர், சாரட் பிடிக்காமல் என்ன செய்யும்?

ஊர்வலம் ஓய்ந்த சில நாளில் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். தைப்பூசத்துக்குக் காவடி தூக்கி நடக்கிற இந்தச் சீமைக்காரர் வேறென்ன செய்வார்!

ஊர்வலத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை. நடராஜனும் ஜெயப்பிரகாஷும் ஊரில் பயிற்சி கொடுத்து வளர்த்த பையன்களில் ஒருவர் பெரியசாமி. 2019 டி.என்.பி.எல். இறுதி ஆட்டத்தில் 5 விக்கெட் எடுத்து சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். 2023 ஜூன் 23 அன்று நடராஜன் சொந்த ஊரில் அமைத்த கிரிக்கெட் மைதானத்தை தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். ஒழுங்கான ஆடுகளத்தில், தோல் பந்தில் பழக இருபது வயது வரை காத்திருக்கும் நிலை அங்கே இனி எந்தப் பையனுக்கும் இல்லை. தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையைக் கடைசியாக வென்றது 1987-88-இல். அடுத்து வெல்லும் அணியில் அந்த மைதானத்துப் பையன் ஒருவன் புதுப் பந்தோடு ஓடிவர வேண்டும் என்பது என் ஆசை.